இருநூற்றுப் பதினாறு க்ளிக்

பதிவுத் துறையின் தலைமை அலுவலகத்தில் தரைத்தளம் முழுக்க ஜன்னல்கள்தான். பன்னிரண்டு ஜன்னல், பன்னிரண்டு கணினி, பன்னிரண்டு பேர். அந்தப் பன்னிரண்டு பேரும் மனிதர்களின் வயதை வருடத்தில் சொல்வதை நிறுத்தி இரண்டு ஆண்டாகிறது. இப்போது க்ளிக்கில்தான் சொல்கிறார்கள்.

எல்லாம் பிறந்த தேதிக் கட்டம் செய்த வேலை. புதிய மென்பொருளோடு கூடவே வந்த கட்டம் அது. திறந்தால் இன்றைய தேதியைக் காட்டும். பக்கத்தில் பொடியாக ஓர் அம்புக்குறி. அதை ஒருமுறை க்ளிக் செய்தால் ஒரு மாதம் பின்னால் போகும். வருடத்தை எழுத வழியில்லை, தாவிப் போக வழியில்லை, மாதம் மாதமாக நடந்தே போக வேண்டும். கூட்ட அரங்குகளை முன்பதிவு செய்வதற்காக யாரோ எங்கேயோ செய்த கட்டம். அடுத்த வாரத்துக்கு அரங்கு கேட்பவருக்கு அது தாராளம். எழுபது வருடம் முன்னால் பிறந்தவருக்கோ எண்ணூற்று நாற்பது க்ளிக். நொடிக்கு ஒன்று வைத்தாலும் பதினான்கு நிமிடம், அதுவும் நடுவில் தும்மல் வராமல் இருந்தால்.

ஆகவே வாசலில் ஒரு நரைத்த தலை தெரிந்ததும் பன்னிரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் தாகம் எடுக்கும். நான்காம் ஜன்னல்காரர் மட்டும் எழுந்து போக மாட்டார். அவர் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்திருந்தார். ஓய்வூதியத்துக்குப் பதிய வருபவர்களில் அறுநூறு க்ளிக் தாண்டியவர்களுக்கெல்லாம் இன்றைய தேதியையே விட்டுவைத்துச் சேமித்துவிடுவார். 'குழந்தைகள் பிறந்த அன்றே தாமாக முன்வந்து ஓய்வூதியத்துக்குப் பதிவுசெய்யும் ஆர்வம் பெருகி வருகிறது' என்று அந்த ஆண்டறிக்கையில் இயக்குநரே பெருமையோடு ஒரு பத்தி எழுதினார். உண்மை வெளியே வந்த பிறகாவது கட்டத்தை மாற்றினார்களா என்று கேட்காதீர்கள். சுற்றறிக்கை விட்டார்கள். பதிவேட்டில் ஏறிவிட்ட பிறந்த தேதியைத் திருத்த வேண்டுமானால் இனி உரியவரே நேரில் வந்து தம் கையாலேயே திருத்த வேண்டும். அடியில் இயக்குநரின் கையெழுத்து. அந்தக் கையெழுத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஏழாம் ஜன்னலில் இருந்த பெண்மணியை எல்லாரும் ஏழாம் ஜன்னல் என்றே கூப்பிட்டார்கள். அவர் ஒருநாளும் இன்றைய தேதியை விட்டுவைத்தவர் அல்ல. "அவங்க பொறந்தது பொறந்ததுதானே? அதை மாத்த நாம யாரு?" என்பார். அதனால் அவருடைய ஜன்னலில்தான் கூட்டம், அவருடைய வலது மணிக்கட்டில்தான் வீக்கம். கல்யாண வீட்டில்கூட அவர் கண் பழக்கத்தை விடாது. "மாப்பிள்ளையோட பெரியப்பா எழுநூறு இருப்பாரு" என்று காதோடு சொல்வார். பெற்ற அப்பாவே அவருக்குத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு. நாத்தனார் கைக்குழந்தையோடு வந்தால் அள்ளியெடுத்து, "என் தங்கமே, ரெண்டே ரெண்டு க்ளிக்" என்று கொஞ்சுவார்.

எலும்பு டாக்டர் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சுருக்கமாகச் சொன்னார். "இன்னும் ரெண்டு மாசம் இதே வேலையைச் செஞ்சா, அப்புறம் கத்திதான்." ஏழாம் ஜன்னல் துறைக்கு மனுப் போட்டார். பதில் வந்தது: 'தங்கள் கோரிக்கை பரிவுடன் பரிசீலிக்கப்பட்டது. இடது கையைப் பயன்படுத்தவும்.'

இந்த அம்மாவின் கணவர் அதே கட்டடத்தில் மூன்றாம் மாடியில் கணினிப் பிரிவில் நிரலாளர். காலையில் மகளுக்குப் பின்னல் போடுவது இப்போது அவர் வேலை. நிரல் எழுதும் கைக்குப் பின்னல் பிடிபடவில்லை. ஒன்று காதுக்கு மேலே போனது, இன்னொன்று தோளுக்குக் கீழே தொங்கியது. மனைவி மணிக்கட்டில் பட்டையைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, அந்தக் கட்டத்துல நேரா நம்பரைத் தட்ற மாதிரி பண்ண முடியாதா?"

"முடியும். அரை மணி நேர வேலை."

"அரை மணி நேர வேலைய ரெண்டு வருஷமா ஏன் பண்ணல?"

நிரலாளர் பின்னலை அவிழ்த்து மறுபடி போட ஆரம்பித்தார். துறையின் மென்பொருள் அப்படிப்பட்டது. அதில் ஒரு முற்றுப்புள்ளியைத் தொட்டாலும் முழுவதையும் மறுபடி கட்டி எழுப்ப நான்கு மணி நேரம் ஆகும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் முதலில் ஒரு சின்ன மாதிரித் திட்டம் செய்வார்கள். கணினித் திரையில் வெறும் சாளரம் ஒன்று, அதற்குள் சோதிக்க வேண்டிய கட்டம் ஒன்று, அவ்வளவுதான். அதில் சரியாக ஓடினால் பெரியதில் கொண்டுபோய்ப் பொருத்தலாம். உலகம் முழுக்க இப்படித்தான் செய்கிறார்கள், யாரும் அதற்காக மூச்சு வாங்குவதில்லை.

அவசரத்துக்கும் காரணம் இருந்தது. இந்த மாதம் முப்பதாம் தேதி மாலை ஐந்து மணியோடு மென்பொருள் உறைநிலைக்குப் போகிறது. அதற்குள் இயக்குநர் அனுமதித்த மாற்றங்கள் மட்டும் உள்ளே போகும். பிறகு மூன்று வருடத்துக்கு அதை யாரும் தொடக் கூடாது. அன்று தேதி இரண்டு. மூன்று வருடத்தில் தன் மனைவி கையில் என்ன மிச்சமிருக்கும் என்று நிரலாளர் கணக்குப் போட்டுப் பார்த்தார்.

அன்று மதியச் சாப்பாட்டு இடைவேளையிலேயே தன் மடிக்கணினியில் மாதிரியைச் செய்து முடித்துவிட்டார். ஒரு சாளரம், ஒரு கட்டம், ஒரு சேமி பட்டன். எட்டு எண்ணைத் தட்டினால் ஐந்து நொடியில் தேதி விழுந்தது. மாமனாரின் பிறந்த தேதியைத் தட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதை இல்லை. அலுவலகத்தில் எல்லாரும் பயன்படுத்தும் பொதுவட்டில் இதை வைக்க ஒரு ஃபோல்டர் வேண்டும் என்று பிரிவுத் தலைவருக்கு ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பினார்.

பிரிவுத் தலைவர் நேரிலேயே வந்துவிட்டார். "எவ்வளவு பெருசு?"

"ரொம்பச் சின்னது சார். ஒரே ஒரு கட்டம்தான்."

பிரிவுத் தலைவர் முகம் இருண்டது. "பெருசா இருந்தா நானே கையெழுத்துப் போட்டுடுவேன். சின்ன விஷயம்னா என் அதிகாரத்துல வராது. அதுக்குன்னு ஒரு குழு இருக்கு."

அதன் பெயர் குறைந்தபட்சக் குழு. துறையில் எதுவும் தேவைக்கு மேல் பெருத்துவிடாமல் காப்பதற்காக ஏற்படுத்தப்பட்டது. முதலில் மூன்று பேராக இருந்து, வேலை அதிகமானதால் பதினேழு பேராக வளர்ந்திருந்தது. கட்டடத்திலேயே பெரிய அரங்கில் கூடும். 'சுருக்கமே அழகு' என்று சுவரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை எழுதி வைத்திருந்தார்கள். நிரலாளருக்கு மேசைமேல் வைக்கப்பட்ட கூட்ட நிரல் அறுபது பக்கம் இருந்தது.

குழுத் தலைவி கனிவானவர். "பெருசா ஒண்ணைச் செய்யறதுக்கு யாரு வேணா வருவாங்க தம்பி. சின்னதா செய்யறதுக்குத்தான் ஆளு வேணும். அதனாலதான் நாங்க பதினேழு பேர் இருக்கோம்" என்று தொடங்கி முக்கால் மணி நேரம் சுருக்கத்தைப் பற்றிப் பேசினார். பிறகு நிரலாளர் தன் மாதிரியைத் திரையில் போட்டார். ஒரு சாளரம், ஒரு கட்டம், ஒரு பட்டன்.

ஒரு உறுப்பினர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"பத்து வருஷமா இப்படி ஒண்ணைத்தான் தேடிக்கிட்டு இருக்கோம்" என்றார் தலைவி. "இதை இப்படியே காப்பாத்தணும்."

நிரலாளர் நெகிழ்ந்துபோய் நன்றி சொன்னார். காப்பாற்ற வேண்டும் என்று அந்தக் குழு முடிவு செய்தால் என்ன ஆகும் என்பது பாவம் அவருக்குத் தெரியாது.

பாதுகாப்பு அதிகாரி எழுந்தார். உரிமை இல்லாத யாராவது உள்ளே புகுந்து இதைப் பெரிதாக்கிவிட்டால்? எனவே நுழைவுச் சாளரம் ஒன்று வேண்டும், கடவுச்சொல்லோடு. கடவுச்சொல் என்றால் மறப்பார்கள், எனவே மறந்தவர்களுக்கு ஒரு சாளரம். அது ஏன் வந்தது என்று புரியாதவர்களுக்கு விளக்கச் சாளரம். மாதிரி இன்னும் சின்னதாகத்தான் இருக்கிறதா என்று எப்படித் தெரியும் என்று இன்னொருவர் கேட்டார். எனவே ஒவ்வொரு க்ளிக்குக்கும் மாதிரி முழுவதையும் அளந்து பார்க்கும் ஓர் அளவுமானி, பச்சை வட்டத்தோடு. பச்சை எந்தப் பச்சை என்பதற்குத் துணைக்குழு. மூலையில் தூங்கிக்கொண்டிருந்த உறுப்பினர் விழித்து, "உதவிப் பக்கம் இருக்கா?" என்று கேட்டுவிட்டு மறுபடி தூங்கினார். உதவிப் பக்கமும் சேர்ந்தது.

"சோதிக்கறதுக்குப் பொய்யா நாலு பேரைப் போட்டு வச்சிருக்கேன்" என்றார் நிரலாளர்.

தலைவி திடுக்கிட்டார். "உண்மைப் பதிவேடு இருக்கறப்ப பொய்யா நாலு பேரா? அது கூடுதல் இல்லையா தம்பி? கூடுதல்தானே நமக்கு ஆகாதது? உண்மைப் பதிவேட்டோடவே இணைச்சிடுங்க."

அடுத்த கூட்டத்தில் பாதுகாப்பு அதிகாரிக்கு இன்னொரு கவலை வந்தது. மாற்றங்களுக்கு இயக்குநர் ஒப்புதல் தருவதற்காக மாதிரியில் புதிதாகச் சேர்ந்திருந்த அனுமதி பட்டனை அழுத்துபவர் பதினெட்டு வயது நிறைந்தவரா என்று பதிவேட்டில் பார்த்துச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்றார்.

"அனுமதி கொடுக்கறது இயக்குநர் ஐயாதானே சார்? பதினெட்டு வயசு ஆகாத இயக்குநர் இதுவரைக்கும் வந்திருக்காங்களா?" என்று கேட்டார் நிரலாளர்.

"இதுவரைக்கும் வரல. வந்தப்பறம் தடுக்கறதுக்கு நாம எதுக்கு?"

இப்படியே ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. பதினேழு பேரில் ஒருவர்கூடப் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. ஆளுக்கு இரண்டோ மூன்றோ, அதுவும் மாதிரியின் சின்னத்தன்மையைப் பாதுகாக்கத்தான் கேட்டார்கள். மாதம் பாதி போனபோது மாதிரியில் நாற்பத்தொரு சாளரங்கள் இருந்தன. திறக்க ஒன்பது நிமிடம் பிடித்தது. அளவுமானி ஒவ்வொரு க்ளிக்குக்கும் எல்லாவற்றையும் அளந்துவிட்டு வர, ஒரு க்ளிக்குக்குப் பத்து நொடி ஆனது. வட்டம் மட்டும் பச்சையாகவே இருந்தது, ஏனென்றால் சிவப்பு எந்தச் சிவப்பு என்று துணைக்குழு இன்னும் முடிவு செய்யவில்லை.

நிரலாளர் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார். நாற்பது சாளரம் இருந்தாலும் நாற்பத்தொன்றாவதில் தன்னுடைய கட்டம் இருக்கிறதே, அது போதும் என்று இருந்தார். இருபத்தேழாம் தேதி பாதுகாப்பு அதிகாரி அதன்மேல் விரலை வைத்தார்.

"இது என்ன, தட்டறதா? தட்டறதுன்னா எதை வேணா தட்டலாமா?"

"எண் மட்டும்தான் சார்."

"முப்பத்திரண்டாம் தேதின்னு தட்டினா?"

"தப்புன்னு சொல்லும் சார்."

"யாரு?"

"கட்டம்தான்."

"பொதுமக்களைப் பாத்து ஒரு கட்டம் தப்புன்னு சொல்றதா? அப்புறம் துறைக்கு என்ன மரியாதை? பழைய அம்புக்குறியில அந்தத் தொல்லையே கிடையாது. யாரும் கடைசி வரைக்கும் போறதே இல்ல, அப்புறம் தப்பு எங்கேருந்து வரும்?"

கட்டத்தை எடுத்துவிட்டுப் பழைய அம்புக்குறிக் கட்டத்தை வைக்கச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். நிரலாளருக்கு முதன்முறையாகக் குரல் உயர்ந்தது. "அம்மா, அந்தக் கட்டத்தைச் சோதிக்கத்தான் இந்த மாதிரியே! அது இல்லாம இது எதுக்கு?"

தலைவி அவரைப் பரிவோடு பார்த்தார். "இவ்வளவு அழகா ஒரு மாதிரி செஞ்சிருக்கீங்க. ஒரு கட்டத்துக்காக ஏன் மனசை விடறீங்க? எதுக்குன்னு கேக்க ஆரம்பிச்சா எந்தத் துறையிலும் எதுவும் நடக்காது தம்பி."

அன்று மாலை வீட்டில் தண்ணீர் பாட்டிலின் மூடியை மனைவிக்குத் திறக்க முடியவில்லை. இப்போது இடது மணிக்கட்டிலும் பட்டை. நிரலாளர் மூடியைத் திறந்து கொடுத்துவிட்டு நடந்ததைச் சொன்னார். திட்டுவார் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"விடுங்க, பரவாயில்ல" என்றார் மனைவி. "கைதானே. உங்க மாதிரியாவது நல்லா இருக்கட்டும்."

நிரலாளர் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

முப்பதாம் தேதி மூன்று மணிக்கு அதே பெரிய அரங்கில் மாதிரியின் தொடக்க விழா. இயக்குநர் வந்தார். அவருக்கு அடுத்த மாதக் கடைசியில் அறுபது நிறைகிறது, ஓய்வு பெறுகிறார். வழியனுப்பு விழாவுக்கு ஒரு பெரிய சுவர்க்கடிகாரம்கூட வாங்கியாகிவிட்டது. அவரும் எளிமையைப் பற்றித்தான் ஒரு மணி நேரம் பேசினார்.

"எனக்குப் பதவி மேல என்னைக்குமே ஆசை இருந்ததில்ல. இந்த நாற்காலியில உக்காந்திருக்கற ஒவ்வொரு நாளும், எப்ப வீட்டுக்குப் போய் ரோஜாச் செடிக்குத் தண்ணி ஊத்துவோம்னுதான் நெனச்சுக்கிட்டு இருக்கேன். இடத்தைக் காலி பண்றதுதான் உண்மையான எளிமை" என்றார். பிரிவுத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான்கு மணிக்கு முதல் பதிவு. இயக்குநர் தம் பிறந்த தேதியைத் தாமே பதிவுசெய்து மாதிரியைத் தொடங்கிவைப்பதாக ஏற்பாடு. பிறகு அனுமதி பட்டனை அழுத்துவார். இயக்குநர் மவுஸைப் பிடித்து ஒருமுறை க்ளிக் செய்தார். அளவுமானி எல்லாவற்றையும் அளந்தது. பத்து நொடி கழித்துப் போன மாதம் வந்தது. கைதட்டினார்கள். ஆறாவது க்ளிக்கில் கைதட்டல் நின்றது. பன்னிரண்டாவதில் அவர் பொறுமையிழந்து இரண்டு முறை சேர்த்து அழுத்த, திரை அணைந்துபோய், மறுபடி எழுந்து வர ஒன்பது நிமிடம் ஆயிற்று. வந்தபோது கட்டம் இன்றைய தேதிக்கே திரும்பியிருந்தது.

"கீழ இதுல பழகின கை யாராவது இருந்தா கூப்பிடுங்கப்பா" என்றார் இயக்குநர் விரலை உதறிக்கொண்டு.

"ஏழாம் ஜன்னல்தான் ஐயா, வேகமான கை" என்றார் பிரிவுத் தலைவர்.

ஏழாம் ஜன்னல் வந்தார். இரண்டு கையிலும் பட்டை. யாரும் அதைக் கவனிக்கவில்லை, திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவரைத் தவிர. அவர் எழுந்திருக்கப் போனார். மனைவி கண்ணாலேயே உட்காரச் சொன்னார். இயக்குநர் தம் பிறந்த தேதியைச் சொன்னதும் ஏழாம் ஜன்னலின் வாய் தானாகக் கணக்குப் போட்டது.

"எழுநூத்திப் பத்தொன்பது."

"என்னம்மா அது?"

"உங்க வயசுங்க ஐயா."

சுவரில் மணி நான்கு பதினாறு. எழுநூற்றுப் பத்தொன்பதைப் பத்து நொடி வீதம் போட்டால் இரண்டு மணி நேரம். ஏழாம் ஜன்னல் தன் இரண்டு மணிக்கட்டையும் பார்த்தார். முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்த கணவரைப் பார்த்தார். இரண்டு வருடமாக ஒருவர் வயதைக்கூடக் குறைத்துப் போடாத அந்த அம்மா, அம்புக்குறியைத் தொடவே இல்லை. நேராகச் சேமி பட்டனை அழுத்தினார். ஒரே க்ளிக்.

பிரிவுத் தலைவர் திரையைப் படிக்காமலே கைதட்டினார், அரங்கும் தட்டியது. இயக்குநர் அதே உற்சாகத்தோடு அனுமதி பட்டனை அழுத்தினார். சுவர் முழுக்க எழுத்துகள் விழுந்தன: 'அனுமதி மறுக்கப்பட்டது. தங்களுக்குப் பதினெட்டு வயது நிறையவில்லை. பெற்றோருடனோ பாதுகாவலருடனோ வரவும்.'

பாதுகாப்பு அதிகாரி துள்ளி எழுந்தார். "பாத்தீங்களா! நான் சொன்னப்ப சிரிச்சீங்களே! வேலை செய்யுது!"

"யோவ், உக்காரு" என்றார் இயக்குநர். பிறகு ஏழாம் ஜன்னல் பக்கம் திரும்பினார். "என்னம்மா பண்ணி வச்சிருக்க? நான் இன்னைக்கா பொறந்தேன்?"

"கை ஓடலைங்க ஐயா."

இயக்குநர் அப்போதுதான் அந்தப் பட்டைகளைப் பார்த்தார். "சரி, சரி. உடனே திருத்து."

ஏழாம் ஜன்னல் எழுந்து நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார். "பதிவேட்டுல ஏறிடுச்சுங்க. உரியவரே தன் கையாலதான் திருத்தணும். சுற்றறிக்கை இருக்குதுங்க. கையெழுத்து உங்களோடதுதான்."

தலைவி வெளிறிப்போய்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து மணிக்குள் அனுமதி இல்லாவிட்டால் பத்து வருடத்தில் குழு செய்த ஒரே வேலை மூன்று வருடத்துக்கு உள்ளே போகாமல் நின்றுபோகும். "ரெண்டு மணி நேரம் ஆகுமே" என்று முனகினார்.

"முழுசா போக வேண்டாங்கம்மா" என்றார் ஏழாம் ஜன்னல். "அனுமதி கொடுக்கப் பதினெட்டு வயசு போதும்ல? இருநூத்திப் பதினாறு க்ளிக். முப்பத்தாறு நிமிஷம். இப்ப ஆரம்பிச்சா சரியா இருக்கும்."

துறையின் இயக்குநர் உட்கார்ந்து க்ளிக் செய்ய ஆரம்பித்தார். பதினேழு உறுப்பினர்களும் நின்று பார்த்தார்கள். உட்கார்ந்தால் மரியாதைக் குறைவாகிவிடும். ஐம்பதாவதில் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டார். தொண்ணூறாவதில் கை மாற்றினார். நூற்றிருபதில் பத்து வயதானபோது பிரிவுத் தலைவர் வாழ்த்துச் சொல்ல வாயெடுத்து, அவர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். நூற்றைம்பதைத் தாண்டியதும் இயக்குநர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"இதையா கீழ நாள் பூரா செய்யறீங்க?"

"ஆமாங்க ஐயா."

"நேரா நம்பரைத் தட்ற மாதிரி ஒரு கட்டம் செய்யணும்னு இத்தனை பேர்ல ஒருத்தருக்குக் கூடவா தோணல?"

பதினேழு பேரும் ஒருவரையொருவர் வியப்போடு பார்த்துக்கொண்டார்கள். "அருமையான யோசனை ஐயா!" என்றார் தலைவி. பாதுகாப்பு அதிகாரி குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

நிரலாளர் தன் மடிக்கணினியைக் கொண்டுவந்து இயக்குநர் முன்னால் வைத்தார். ஒரு சாளரம், ஒரு கட்டம், ஒரு பட்டன். அளவுமானி தன் பத்து நொடியை அளந்துகொண்டிருந்த இடைவெளியில் இயக்குநர் வெறும் ஒற்றை விரலால் எட்டு எண்ணைத் தட்டினார். பாதி இடைவெளி மிச்சமிருந்தது.

"இதுதான்யா நான் சொன்னது" என்றார் இயக்குநர். "பாரு, நான் சொல்லி வாய மூடல, செஞ்சுட்டாரு. இதைச் சேத்துடுங்க."

நான்கு ஐம்பத்தாறுக்கு இயக்குநருக்குப் பதினெட்டு வயது நிறைந்தது. நான்கு ஐம்பத்தெட்டுக்குக் கட்டத்துக்கு அனுமதி கொடுத்தார். ஐந்து மணிக்கு மென்பொருள் உறைந்தது. ஏழாம் ஜன்னல் யாரிடமும் எதுவும் சொல்லாமல் படியிறங்கிப் போனார். பின்னாலேயே ஓடிய நிரலாளர் இரண்டாம் மாடித் திருப்பத்தில் மனைவியைப் பிடித்தார். இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். அதில் எவ்வளவு சிரிப்பு, எவ்வளவு அழுகை என்று அவர்களுக்கே தெரியாது.

மறுநாளே பன்னிரண்டு ஜன்னலிலும் புதிய கட்டம் வந்துவிட்டது. ஆறு வாரத்தில் ஏழாம் ஜன்னலின் மணிக்கட்டு வீக்கம் வடிந்தது. கத்தி வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகளின் பின்னல்கள் இரண்டும் ஒரே உயரத்தில் தொங்குகின்றன. வாசலில் நரைத்த தலையைக் கண்டால் இப்போது யாருக்கும் தாகம் எடுப்பதில்லை. மாதிரியையும் கைவிடவில்லை. வெளியிலிருந்து வருபவர்களுக்கு எளிமைக்கு எடுத்துக்காட்டாகத் திறந்து காட்டுகிறார்கள், நேரமிருப்பவர்களுக்கு மட்டும்.

இயக்குநர் விஷயம் ஒன்றுதான் பாக்கி. பதிவேட்டில் அவர் வயது பதினெட்டு என்றே நிற்கிறது. பணியாளர் பிரிவுக்குப் பதிவேடு சொல்வதுதான் வேதம், ஆகவே அவருக்கு ஓய்வு பெற இன்னும் நாற்பத்திரண்டு வருடம் இருப்பதாகக் கணக்கிட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சுவர்க்கடிகாரம் கிடங்கில் இருக்கிறது. திருத்துவது பெரிய காரியமும் இல்லை. ஏழாம் ஜன்னலில் வந்து நின்று தம் கையால் எட்டு எண்ணைத் தட்ட வேண்டும், அவ்வளவுதான். அதற்கான படிவத்தை அந்த அம்மா நிரப்பித் தயாராக மேசைமேல் வைத்திருக்கிறார்.

தினமும் காலையில் இயக்குநர் தரைத்தளம் வழியாகத்தான் மேலே போகிறார். ஏழாம் ஜன்னலைக் கடக்கும்போது மட்டும் நடை கொஞ்சம் வேகமாகும். "ஐயா, அந்தத் தேதி... அஞ்சு நொடிதான்" என்று ஏழாம் ஜன்னல் நினைவுபடுத்துவார்.

"வர்றேம்மா, வர்றேன்" என்பார் இயக்குநர், நிற்காமலேயே. "அதுக்குத்தான் நேரமே கிடைக்க மாட்டேங்குது."